ஒரு நூல் ஏறிய கந்தாரம்

முல்லைத்தீவு
12.01.2025

அன்புள்ள தம்பி அல்பேர்ட்டுக்கு,

மாதாவின் காவலில் நானும் அத்தானும் கம்சாவும் சுகம். அத்தானுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. நீயும் மச்சாளும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் செபத்தில் நினைக்கிறேன்.

நீ கோயிலுக்கு அனுப்பிய கீபோட் புதன்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒட்டியிருந்தாய். 'அமரர் திரேசம்மா ஞாபகார்த்தமாக' என்று பங்குச் சுவாமி சத்தமாக வாசித்தார். பிறகு அவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். "சுவாமி, கட்டைக்குள்ள தண்ணி போகப்போகுது!" என்று கம்சா கத்தியதில் பங்கு முழுக்கச் சிரித்தது. அவள்தான் வாசிக்கப் போகிறாள். பிளக் பொயின்ற் பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் மட்டும் இருப்பதால் அதன் கீழேயே வைத்திருக்கிறோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உன் கீபோட் சுருதி பிழை. இன்று பூசையில் நான் பாடிய சட்சத்துக்கு மேலே அது ஏறி நிற்கிறது. கந்தாரம் அதைவிட மோசம். கம்சாவிடம் சொன்னால், "அம்மா, அது சரியாத்தான் கிடக்கு" என்கிறாள். கப்பலில் ஆட்டுப்பட்டதோ, இங்கத்தை உப்புக்காற்று பட்டதோ தெரியாது. இல்லாவிட்டால் கடைக்காரன் உன்னை ஏமாற்றிவிட்டான். எதைத் திருகினால் இறங்கும் என்று எழுது.

போன் எடுக்காதே. எடுத்தால் மூன்றாவது நிமிடம் "அக்கா, ஒரு வரி பாடுங்கோ" என்பாய். அடுப்பில் கறியை வைத்துக்கொண்டு எனக்குப் பாட்டு வராது. கடிதமே போதும்.

அன்புடன்
அக்கா யூலிற்றா


பேர்கன், நோர்வே
27.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழைதான். பதினெட்டு நாளாக ஒரே மழை. அத்தானின் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், ஆராவது வந்தால் கொடுத்து விடுகிறேன்.

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தேன். நான் இந்த ஊரில் பதினேழு வருடமாகப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துச் சாப்பிடுகிறவன். பியானோவுக்குள் கம்பி இருக்கிறது, கம்பி தளரும். கீபோட்டுக்குள் கம்பி இல்லை. அது ஒன்றில் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. ஆட்டுப்பட்டுச் சுருதி ஏறுவதற்கு அது என்ன தென்னை மரமா?

ஆனால் கந்தாரத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் தம்புராவோடு சங்கீதம் படித்தவர். தம்புராவின் சட்சத்துக்குள்ளேயே ஒரு கந்தாரம் மெல்லக் கேட்கும், உங்கள் குரல் போய் அதிலே இருக்கும். கீபோட்டின் கந்தாரம் அங்கே இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நூறு துண்டாக வெட்டினால், அதில் பதினாலு துண்டு மேலே நிற்கிறது. மேற்கத்தையர் எந்தக் கட்டையிலிருந்தும் பாட்டைத் தொடங்க ஆசைப்பட்டார்கள். அதற்காகப் பன்னிரண்டையும் ஒரே தூரத்தில் வைத்தார்கள். அப்படி வைத்தால் ஒன்றும் முழுச் சுத்தமாக இராது. என் தொழிலே அதுதான், எல்லாவற்றையும் அளவாகப் பிழையாக்குவது. பதினாலு துண்டு உங்கள் காதில் குத்துகிறது என்றால் உங்கள் காது நல்ல காது. ஆனால் கருவி பிழையில்லை. இரண்டு கிழமையில் பழகிவிடும்.

போனில் ஒரு வரி பாடச் சொல்வது குற்றமா? பதினைந்து, பதினாறு வருடமாக ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அடுப்பில் கறிதான்.

மச்சாளின் அன்பும் பிள்ளைகளின் முத்தமும்.

அன்புத் தம்பி
அல்பேர்ட்


முல்லைத்தீவு
13.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் கிருபையால் சுகம். கடல் கொந்தளிப்பு, அத்தான் நாலு நாளாகத் தொழிலுக்குப் போகவில்லை. உன் பிள்ளைகள் அந்த மழைக்குள் பள்ளிக்கூடம் போகிறார்களா? தலையைத் துவட்டச் சொல்லு.

சங்கீதத்தில் நாலாம் தரம் பாஸ் பண்ணியவளுக்கு நீ கந்தாரம் சொல்லித் தருகிறாய். பிழையை எல்லோருக்கும் சமமாய்ப் பங்கிட்டு வைத்துவிட்டு அதற்குச் சரி என்று பேர் வைக்க உங்களுடைய ஆட்களால்தான் முடியும். இருக்கட்டும், கந்தாரத்தை நான் பொறுத்துக்கொள்வேன். அது ஒரு நூல் அளவு. நான் சொல்வது சட்சத்தை. சட்சமே கால் சுரம் ஏறி நிற்கிறது என்கிறேன். அதற்கும் உன்னுடைய நூறு துண்டுக் கதை உண்டோ?

சுவாமி முள்ளியவளையிலிருந்து துசியந்தன் என்ற பொடியனைக் கூப்பிட்டார். ரியூசனில் கீபோட் பழக்குகிறவர், கலியாண வீடுகளுக்கு வாசிக்கிறவர். அவர் போனை எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடித்து, "அன்ரி, பாருங்கோ, பச்சை லைற் எரியுது. சுருதி சரி" என்றார். "தம்பி, பச்சை லைற் பாடுமோ?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள், அவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு சுவாமி என்னைத் தனியே கூப்பிட்டார். நோர்வேயிலிருந்து வந்த கருவியைப் பங்கு முழுக்கப் பார்த்துவிட்டது, அதை மூடி வைக்க முடியாது என்றார். தபசு காலம் மார்ச் ஐந்தில் தொடங்குகிறது. அதற்குள் நான் அதோடு சேர்ந்து பாடாவிட்டால் பெரிய வெள்ளி வரும் பெரிய கிழமைக்குப் பாடகர் குழுவைத் துசியந்தன் எடுப்பாராம்.

முப்பத்து மூன்று வருடமாகப் பெரிய வெள்ளிப் புலம்பலை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பத்தொன்பது வயதில் தொடங்கியது. ஓடித்திரிந்த வருடங்களிலும் விடவில்லை. எனக்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லு?

உன்னிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். வலப்பக்கத்தில் கடற்கதவு இருக்கிறது, உப்புக்காற்று நேரே அடிக்கிறது. 'கருவிக்கு அது கூடாது, பீடத்துக்கு இடப்பக்கம் வையுங்கள்' என்று சுவாமிக்கு ஒரு வரி எழுது. அனுப்பியவன் நீ, உன் சொல்லைக் கேட்பார். ஒரு நீட்டு வயர் இழுத்தால் சரி. ஒரு வரிதான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்
அக்கா


பேர்கன்
01.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். உப்புக்காற்றால் கறள் பிடிக்கும். சுருதி ஏறாது. இடப்பக்கம் வைத்தாலும் அதே காற்றுத்தான். கருவி தெரிந்தவன் என்ற பேரில் நான் ஏன் சுவாமிக்குப் பொய் எழுத வேண்டும்? அந்தத் துசியந்தன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கம்சா சரி என்கிறாள். போன் சரி என்கிறது. பதினேழு வருடம் இதே தொழிலில் இருக்கும் நான் சரி என்கிறேன். நாலு பேரும் பிழை, நீங்கள் ஒருவர் மட்டும் சரியா?

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு வர எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. விசாப் பேப்பருக்கு அலைந்து கொண்டிருந்தபோது அங்கே மண் போட்டு முடிந்துவிட்டது. அந்த ஆற்றாமைக்குத்தான் அவவின் பேரில் ஒன்று கோயிலுக்கு அனுப்பினேன். அதற்கும் குறை பிடிக்கிறீர்கள். எனக்கு நோகிறது, அக்கா.

ஒரு காரியம் செய்யுங்கள். கம்சாவின் போனில் கீபோட்டோடு சேர்ந்து ஒரு வரி பாடிப் பதிந்து அனுப்புங்கள். இரண்டு நிமிடத்தில் எங்கே பிழை என்று சொல்லி விடுவேன். அதுவரை ஊருக்குள் குழப்பம் வேண்டாம் என்பதால், கருவியில் பிழை இல்லை என்று இன்றைக்கே சுவாமிக்கு மின்னஞ்சல் போட்டுவிடுகிறேன்.

அத்தானுக்கு அன்பு.

தம்பி
அல்பேர்ட்


முல்லைத்தீவு
11.03.2025

அல்பேர்ட்,

உன் மின்னஞ்சலைச் சுவாமி அச்செடுத்து வந்து பாடகர் குழுவுக்கு முன்னால் வாசித்தார். கெட்ட நோக்கத்தோடு செய்யவில்லை, அவருக்கும் தலைவலி. 'அக்காவுக்குக் காது இன்னும் பழகவில்லை, பெரிதாய் எடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். மற்றப் பதின்மூன்று பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துசியந்தன்கூட நிலத்தைத்தான் பார்த்தார்.

பெரிய கிழமை அவரிடம் போய்விட்டது. புலம்பலும் அவரிடம்தான். நான் இப்போது பின் வாங்கில் இருக்கிறேன்.

ஒரு வரி கேட்டேன். நீ ஒரு பக்கம் எழுதினாய், வேறு ஆளுக்கு.

இனி எழுத வேண்டாம். உன் பிள்ளைகள் சுகமாயிருக்கட்டும்.

யூலிற்றா


பேர்கன்
22.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அந்த மின்னஞ்சலை எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் எழுதியதில் பொய் எது, அக்கா? கருவி சரிதானே? நீங்கள் ஒரு வரி பதிந்து அனுப்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. எப்போதும் இப்படித்தான், நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவீர்கள், நான் அவசரப்பட்டு ஏதாவது செய்வேன், பிறகு குற்றவாளி நான்.

நான்கு தரம் போன் எடுத்தேன். அத்தான் எடுத்து, "அவ கிணத்தடியில நிக்கிறா" என்கிறார். ஒரு மனிசி நாலு நாளும் கிணற்றடியிலா நிற்பா?

பதில் போடுங்கள்.

தம்பி


(கம்சா வாட்ஸ்அப்பில் எழுதியது)
02.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள், மாமி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே. நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடைசிக் கடிதம் வந்து மேசையில் கிடக்கிறது. அவ இன்னும் உடைக்கவில்லை.

அம்மா வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டா. மீன் வெட்டும்போதுகூட வாயைத் திறப்பதில்லை. அப்பா இரண்டு தரம் "என்னப்பா, வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிப் பார்த்துவிட்டார்.

மாமா, கீபோட் பிழையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அம்மா பொய்க்காரி இல்லை. ஜனவரிக் கடைசியில் மழைக்குக் கோயில் ஒழுகியதால் கீபோட்டை ஒரு கிழமை வீட்டில் வைத்திருந்தோம். விறாந்தையில் அம்மாவின் கதிரைக்கு இடப்பக்கமாக வைத்தேன். நான் வாசிக்க வாசிக்க அவ முழுப் புலம்பலையும் பாடினா. கேட்கவே மயிர் கூச்செறிந்தது. முடிந்தபோது, "கந்தாரம் மட்டும் ஒரு நூல் ஏறிக் கிடக்கு. மற்றது ஒண்டும் இல்லை" என்றா. "அப்ப சுருதி சரிதானே அம்மா?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அடுத்த ஞாயிறு கோயிலில் திரும்பவும் பிழை என்று சண்டை.

அவ பாடகர் குழுவில் எப்போதும் வலப்பக்கக் கரையில்தான் நிற்பா. மற்ற எல்லோரும் அவவுக்கு இடப்பக்கம். அது தலைவியின் இடம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கீபோட் வந்த பிறகு முக்காட்டை வலக் காதில் இழுத்துப் பொத்திக்கொண்டு பாடுகிறா. இப்போது பின் வாங்கிலும் வலச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறா. எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதை எழுதப் பயமாக இருக்கிறது. சுருதி விசயம் தெரிந்தவர் நீங்கள்தானே.

அன்புடன்
கம்சா


பேர்கன்
03.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தபாலில் போட்டால் பெரிய வெள்ளி கடந்துவிடும் என்பதால், கையால் எழுதிப் படம் பிடித்துக் கம்சாவுக்கு அனுப்புகிறேன். கடையில் அச்செடுத்துத் தருவாள். அவளைத் திட்டாதீர்கள். அத்தானின் முழங்கால் எப்படி?

எனக்குத் தொழில் பழக்கிய கிழவர் ஒருவர் இருந்தார். இளவயதில் இரும்பு ஆலையில் வேலை செய்தவர். அவர் இடக் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பியானோவுக்கு முன்னால் இருப்பார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "இரண்டு காதும் ஒரே சுரத்தை இரண்டாகச் சொல்கின்றன. ஒன்று ஏற்றிச் சொல்கிறது. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து அதன் வாயை அடைத்துவிட்டேன்" என்றார். காது அடிபட்டால் அப்படி நடக்குமாம். கேட்காமல் போவதில்லை. கேட்கும், ஆனால் வேறு இடத்தில் கேட்கும்.

நான் எவ்வளவு பெரிய மொக்கன், அக்கா. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் நூறு துண்டு வெட்டி உங்களுக்குப் பாடம் எடுத்தேன். வலப்பக்கம் பிழை, இடப்பக்கம் வையுங்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். இது என் தொழில். ஒரு வீட்டுக்குப் போய்ப் பியானோ பிழை என்று ஆராவது சொன்னால் முதலில் நான் கேட்பது, 'எங்கேயிருந்து கேட்கிறீர்கள்?' என்பதைத்தான். சொந்த அக்காவிடம் கேட்கவில்லை.

ஒரே கேள்வி. வலக் காதா?

எப்போதிருந்து?

உங்கள் தம்பி
அல்பேர்ட்


முல்லைத்தீவு
06.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அத்தான் நேற்றுத் தொழிலுக்குப் போனார், நல்ல பாரைக்குட்டி பட்டது. இதையும் கம்சாதான் படம் பிடித்து அனுப்புவாள். வாசிக்க மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள், ஆனால் வாசிப்பாள்.

ஓம். வலக் காது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுப் பெரிய வெள்ளி மாத்தளனில் வந்தது. கோயில் இல்லை, பாடுகளின் சிலுவைக்கு இரண்டு தடியைக் கட்டி வைத்திருந்தோம். புலம்பலை நான் எடுத்தேன். இரண்டாம் அடி பாடும்போது வலப்பக்கத்தில் ஷெல் விழுந்தது. எனக்கு வலப்பக்கம் இருந்தவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இடக்காது முழுதாக வந்தது. வலக்காதும் வந்தது, ஆனால் எல்லாம் கொஞ்சம் ஏறி வந்தது. முகாமில் முதல் முறை உன்னோடு போனில் கதைத்தது ஞாபகம் இருக்கிறதா? நீ அழுதாய், அழுது முடிந்து, "அக்கா, இப்பவும் பாடுறனீங்களோ?" என்று கேட்டாய். நான் என்ன சொல்வது? வீடு போச்சு, வள்ளம் போச்சு, எங்கள் ஆர்மோனியம் போச்சு என்று எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அதையும் சொல்ல மனம் வரவில்லை. "ஓம்" என்றேன். அதன் பிறகு போனில் பாடவே இல்லை. உனக்கு இருப்பது தொழில்காரக் காது, ஒரு வரியில் பிடித்துவிடுவாய் என்று பயந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வலக் கரையில் நிற்கப் பழகினேன். எல்லாக் குரலும் இடக்காதுக்கு வரும். கருவி ஒன்றும் இல்லாத கோயிலில் அது போதும். பதினாலு வருடம் ஒரு குருவிக்கும் தெரியாது. பிறகு உன் கீபோட் வந்து சரியாக என் வலக்காதுக்குள் இறங்கியது. மற்றப் பக்கம் திரும்பி நின்று பாடலாம் என்றால் நற்கருணைப் பேழைக்கு முதுகு காட்ட வேண்டும். அதை என்னால் செய்ய முடியாது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் நாள் கீபோட்தான் பிழை என்று நினைத்தேன். வீட்டில் கம்சாவோடு பாடிய அன்றுதான் விளங்கியது. ஆனால் அதற்குள் உனக்கு எழுதிவிட்டேன், சுவாமியிடம் வாதாடிவிட்டேன். போதாக்குறைக்குப் பிறகு துசியந்தனோடும் கொழுவினேன். ஏறிய இடத்திலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. காதில்லாதவளுக்கு என்ன பாடகர் குழு என்று கேட்பார்கள் என்று பயந்தேன். இப்போதும் பயம்தான்.

சுவாமிக்கு எழுதாதே. எழுதியது போதும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

அக்கா


பேர்கன்
08.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாசித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. பதினாறு வருடமாக 'ஒரு வரி பாடுங்கோ' என்று உங்களை வதைத்திருக்கிறேன்.

உங்கள் சொல்லை மீறி சுவாமிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பயப்பட வேண்டாம், நீங்கள் பெப்ரவரியில் கேட்ட அந்த ஒரு வரியைத்தான் எழுதினேன். 'வலப்பக்கக் கதவால் வரும் உப்புக்காற்று கருவிக்குக் கூடாது, உடனே இடப்பக்கத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் சுருதி ஏறும்.' பதினேழு வருடத் தொழிலில் இவ்வளவு பெரிய பொய்யை நான் எழுதியதில்லை. எங்கள் சங்கத்தில் ஆராவது பார்த்தால் என்னைத் துரத்தி விடுவார்கள். உங்கள் காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது உங்களுடையது.

கம்சாவிடம் சொல்லுங்கள்: புலம்பலுக்கு இடக்கையால் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடிக்கட்டும். நடுவிலுள்ள கந்தாரத்தைத் தொடவே கூடாது. அந்த இடம் உங்களுடையது. ஒரு நூல் ஏறிக் கிடக்கிறது என்று சொன்னீர்களே, அது உங்கள் காதின் பிழை இல்லை. உண்மையிலேயே ஏறித்தான் கிடக்கிறது. நூறில் பதினாலு. நல்ல காது என்று நான் எழுதியது அப்போதும் சரி, இப்போதும் சரி.

அன்புத் தம்பி
அல்பேர்ட்


முல்லைத்தீவு
21.04.2025

அன்புள்ள தம்பி அல்பேர்ட்டுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டில் எல்லோரையும் காக்க வேண்டும். நாங்கள் சுகம், அத்தானுக்கு முழங்கால் நோ தெரியவில்லையாம், பெருநாளுக்காகச் சொல்கிறாரோ தெரியாது.

உன் பொய் நன்றாக வேலை செய்தது. குருத்தோலை ஞாயிறு பூசை முடியச் சுவாமி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். துசியந்தன் முள்ளியவளைக்குப் போய் மோட்டார் சைக்கிளில் நீட்டு வயர் கொண்டு வந்து, பீடத்துக்குப் பின்னால் சுற்றி இழுத்து, முழங்காலில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தார். வியர்வை ஊற்றுகிறது. "அன்ரி, உப்புக்காத்தில சுருதி ஏறும் எண்டு நான் எங்கயும் படிக்கேல்லை. ஆனா நீங்கள்தான் சரி. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார். வேலை மினக்கெட்டு வயர் இழுக்கிற பொடியன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. பெரிய கிழமையில் இதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது? நீ வேறு எனக்காகப் பொய் எழுதியிருக்கிறாய்.

"தம்பி, உப்புக்காத்து இல்லை. என்ரை வலது காது. ஒன்பதாம் ஆண்டிலயிருந்து அது எல்லாத்தையும் ஏத்தித்தான் சொல்லும்" என்றேன். பாடகர் குழு முழுக்க நின்றது, சுவாமியும் நின்றார்.

எவ்வளவு சொல்லியும் அடங்கிப் பாடாத எங்கள் சுதர்சினி உடனே சொன்னாள்: "அக்கா, எனக்கு இடது. ஒண்டும் விளங்காது. அதுதான் கத்துறனான்." மூன்றாம் வரியில் நிற்கும் மனிசிக்கு இரண்டு காதிலும் எப்போதும் கூவுகிற சத்தமாம். இன்னும் இரண்டு பேர் கை உயர்த்தினார்கள், பள்ளிக்கூடத்தில் போல. பதினாலு பேரில் ஐந்து பேர், என்னோடு சேர்த்து. பதினாலு வருடமாக ஒரே குழுவில் நின்று, ஆளுக்கு ஆள் ஒளித்துக்கொண்டு பாடியிருக்கிறோம். எனக்கு அழுவதா, எல்லோரையும் பிடித்துத் திட்டுவதா என்று தெரியவில்லை. முதலில் திட்டினேன், பிறகு அழுதேன்.

துசியந்தன்தான் வயரைக் கீழே போட்டுவிட்டு எங்களை மாற்றி மாற்றி நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் நல்ல காது உள்பக்கம் வர வேண்டும். அரை மணித்தியாலம் எடுத்தது. சுதர்சினி இப்போது எனக்கு எதிர்க் கரையில் நிற்கிறாள். அவள் இப்படி மெல்லப் பாடுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

பெரிய வெள்ளி மூன்று மணிக்குப் புலம்பலை நான் எடுத்தேன். துசியந்தன் பக்கத்தில் நின்று கம்சாவுக்குக் கடதாசி திருப்பினார். கம்சா சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்தாள். நடுவில் நீ சொன்ன இடம் வெறுமையாக இருந்தது, நான் போய் அதில் இருந்தேன். ஒரு நூலும் ஏறவில்லை, இறங்கவில்லை. இரண்டாம் அடி வந்தபோது நான் வலப்பக்கம் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் இடப்பக்கத்தில் நின்றார்கள், அவர்களைக் கேட்டுக்கொண்டு பாடி முடித்தேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். அதற்குப் பிறகு போன் எடு. அடுப்பில் ஒன்றும் வைக்க மாட்டேன். போனை இடக்காதில் பிடித்துக்கொண்டு இருப்பேன். மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டு இராதே, எடுத்தவுடன் கேள்.

அன்புடன்
அக்கா யூலிற்றா